கோல்ஃப் கார்ட் பாதையில் முதல் மாதம்: சாவியைத் தொடும் முன்பும் பின்பும்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள பீச்ட்ரீ சிட்டிக்குப் புதிதாகக் குடிவந்த ஏழெட்டுக் குடும்பங்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கோல்ஃப் கார்ட் என்ற கதவில்லாத சின்ன வண்டியை ஓட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எல்லோருமே பத்துப் பதினைந்து வருஷமாகக் கார் ஓட்டுகிறவர்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. "இதென்ன, பொம்மை வண்டி மாதிரி இருக்கு" என்று ஏறி உட்கார்ந்து, ஹைவேயில் செய்வதையெல்லாம் பாதையிலும் செய்வார்கள். காரில் சுற்றிலும் கதவும் பெல்ட்டும் இருக்கின்றன, நடப்பவர்கள் வேறு பக்கம் நடக்கிறார்கள். இங்கே கதவு கிடையாது. நடக்கிறவர், ஓடுகிறவர், சைக்கிள், குழந்தை வண்டி, நாய் எல்லாமே நம் சக்கரத்துக்கு முன்னால்தான்.

அட்லாண்டாவுக்குத் தெற்கே உள்ள இந்த ஊரில், கார் சாலையிலிருந்து தனியாக, கார்ட்டும் சைக்கிளும் நடப்பவர்களும் சேர்ந்து போகும் பாதை 100 மைலுக்கும் மேல் ஓடுகிறது. கீழே சொல்லியிருப்பதை அதே வரிசையில் செய்யுங்கள். நான் பார்த்த தடுமாற்றங்களில் பாதி, வரிசையை மாற்றிச் செய்ததால் வந்தவை. ஃப்ளோரிடாவிலோ வேறு மாநிலத்திலோ இருப்பவர்களுக்கு 1-ஆம் பகுதியில் உள்ள சட்டம் மட்டும் மாறும். மற்றவை எங்கும் பொருந்தும்.

1. முதலில் காகித வேலை

வண்டி வாங்கும் முன் அது எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வண்டிகள் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. மணிக்கு 20 மைலுக்கு மேல் போக முடியாதது கோல்ஃப் கார்ட். ஜார்ஜியா சட்டத்தில் இதைப் பி.டி.வி., அதாவது தனிப் போக்குவரத்து வாகனம் என்கிறார்கள். 20-க்கு மேல் 25 மைல் வரை போவது எல்.எஸ்.வி., அதாவது குறைவேக வாகனம். இந்த இரண்டாவது ரகத்துக்கு 1998-இலிருந்து தனி மத்திய அரசு விதி இருக்கிறது: ஹெட்லைட், இண்டிகேட்டர், கண்ணாடிகள், சீட் பெல்ட், வாகன அடையாள எண் எல்லாம் வேண்டும். ஒன்றுக்கு உள்ள அனுமதி மற்றதற்கு இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. "கொஞ்சம் வேகமா போற மாதிரி செட் பண்ணியிருக்கோம்" என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமைக்கு அபராதம் கட்டப்போவது நீங்கள். சமதரையில் ஓட்டி, கைபேசியில் வேகம் பாருங்கள். 20-ஐத் தாண்டினால், பழையபடி குறைத்துத் தரச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.

அடுத்தது பதிவு. பீச்ட்ரீ சிட்டியில் வண்டியை நகராட்சியில் பதிவு செய்து, கொடுக்கும் எண் ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். "ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துட்டுப் பதியலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டியையும், திருட்டுப்போன வண்டியையும் அந்த எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள்.

பிறகு வயது. இங்கே 12 முதல் 14 வயதுப் பிள்ளை ஓட்டலாம். ஆனால் பெற்றோரோ தாத்தா பாட்டியோ சட்டப்படியான காப்பாளரோ முன்சீட்டில் பக்கத்தில் இருக்க வேண்டும். மாமாவும் பக்கத்து வீட்டு அக்காவும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஃப்ளோரிடாவில் 2023 அக்டோபர் 1 முதல், பொதுச் சாலையில் ஓட்டும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு லேர்னர் பெர்மிட்டோ லைசன்ஸோ இருக்க வேண்டும். இந்த விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. நண்பர் சொன்னதை நம்பாமல் நகராட்சி வெளியிட்டிருக்கும் விதியையே திறந்து படியுங்கள். கூடவே உங்கள் குடியிருப்போர் சங்கத்தின் விதித்தாளையும் பாருங்கள். நகராட்சி அனுமதிப்பதைச் சங்கம் தடுத்திருக்கலாம்.

கடைசியாக இன்ஷூரன்ஸ். வீட்டுக் காப்பீட்டிலேயே கார்ட்டும் அடங்கிவிடும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சில காப்பீடுகள் வீட்டு எல்லையோடு நின்றுவிடும். பாதையில் ஒருவரை இடித்தால் பணம் கிடைக்குமா என்று நேரடியாகக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2. வீட்டு வாசலில் அரை மணி நேரம்

பாதைக்குப் போகும் முன், டிரைவ்வேயில் வைத்தே வண்டியின் குணத்தைப் பழகிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான கார்ட்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். இறக்கத்தில் எடை முன்பக்கம் சாயும்போது பின்சக்கரம் லேசாகிவிடும். அப்போது பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் பக்கவாட்டில் வீசும். அதனால் இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறையுங்கள். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்காதீர்கள்.

பார்க்கிங் பிரேக், பிரேக் மிதிக்கு மேலேயே ஒரு சின்னப் பட்டையாக இருக்கும். 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்த வேண்டும். பல வண்டிகளில் ஆக்சிலரேட்டரைத் தொட்டாலே அது விடுபட்டுவிடும். நிறுத்திய வண்டியில் மூன்று வயதுக் குழந்தை ஏறி நின்று விளையாடினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வண்டியை விட்டு இறங்கும்போது சாவி உங்கள் பாக்கெட்டுக்குப் போய்விட வேண்டும்.

சாவி என்றதும் ஒன்று. ஒரே கம்பெனியின் பழைய மாடல்களில் பெரும்பாலும் ஒரே சாவி எல்லா வண்டிக்கும் பொருந்தும். கடை வாசலில் ஒருமுறை நான் ஏறி, சாவி போட்டு, நகர்த்தி, பத்தடி போனபிறகுதான் சீட்டில் இன்னொருவருடைய தொப்பி கிடப்பதைப் பார்த்தேன். ஏறும் முன் ஸ்டிக்கர் எண்ணைப் பாருங்கள். நீண்ட நேரம் நிறுத்துவதானால் ஸ்டீயரிங் பூட்டு போடுங்கள்.

இப்போது ஹெட்லைட், பிரேக் லைட், ஹாரன், பின்பார்க்கும் கண்ணாடி நான்கையும் சோதியுங்கள். மின்கார்ட் சத்தமே போடாது. முன்னால் நடக்கிறவர் நீங்கள் வருவதைக் காதால் கண்டுபிடிக்க மாட்டார். ஹாரன் வேலை செய்யாத வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

3. ஓட்டும் முன், அதே பாதையில் நடங்கள்

பெரும்பாலும் விட்டுப்போகிற படி இதுதான். என்னைக் கேட்டால் ஒரே ஒரு படியைச் செய்யச் சொல்லி மற்றதையெல்லாம் விட்டுவிடலாம் என்றாலும், இதைத்தான் சொல்வேன்.

வீட்டிலிருந்து நீங்கள் அடிக்கடி போகப்போகும் இடத்துக்கு, பள்ளியோ கடையோ ஏரிக்கரையோ, ஒரு மாலை நேரம் நடந்தே போங்கள். பெற்றோர் ஊரிலிருந்து வந்திருந்தால் அவர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். குழந்தை வண்டி இருந்தால் தள்ளிக்கொண்டு போங்கள்.

இரண்டு விஷயம் தெரியவரும். எந்த வளைவில் புதர் மறைக்கிறது, எங்கே பைன் மர வேர் தார்ப்பாதையைத் தூக்கியிருக்கிறது, சாலைக்கு அடியில் போகும் எந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்குகிறது என்பது காலில் பதிந்துவிடும். கார்ட்டில் இருபது மைல் வேகத்தில் போகும்போது இதில் ஒன்றும் கண்ணில் படாது.

இரண்டாவது, முதுகுக்குப் பின்னால் ஓசையில்லாமல் ஒரு வண்டி வந்து, முழங்கையிலிருந்து ஒன்றரை அடியில் விருட்டென்று தாண்டிப் போனால் வயிற்றில் என்ன நடக்கிறது என்பது தெரியும். அதை ஒருமுறை அனுபவித்தவர் பிறகு யாரையும் அப்படிக் கடப்பதில்லை.

என் மாமனார் வந்த முதல் வாரத்தில் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தோம். பின்னாலிருந்து சைக்கிளில் வந்த பெண் நல்ல மரியாதையாக, "ஆன் யுவர் லெஃப்ட்!" என்றார். மாமா காதில் விழுந்தது 'லெஃப்ட்' மட்டும். சடாரென்று இடப்பக்கம் தாவினார், நேராக சைக்கிள் முன்னால். அந்தப் பெண் புல்லில் இறங்கி, காலூன்றி நின்று சிரித்தார். மாமாவுக்குத்தான் கோபம்: "லெஃப்ட்ல போன்னு அவதானே சொன்னா?" அது, 'உங்கள் இடப்பக்கமாக நான் கடக்கிறேன், நீங்கள் வலப்பக்கம் அப்படியே இருங்கள்' என்பதன் சுருக்கம். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு பெரியவரிடமும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். கூப்பிடு குரல் கேட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தாவாமல், திரும்பாமல், நடந்த கோட்டிலேயே நடப்பது.

4. யார் எங்கே உட்காருவது

அமெரிக்காவில் 1990 முதல் 2006 வரை கோல்ஃப் கார்ட் காயங்களுக்காக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போனவர்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. மொத்தம் சுமார் 1,48,000 காயங்கள் என்று அது மதிப்பிட்டது. அதில் 30 சதவீதத்துக்கும் மேல் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். மிகுதியான காரணம் மோதலோ கவிழ்தலோ கிடையாது. வண்டியிலிருந்து விழுந்ததுதான், ஏறக்குறைய 38 சதவீதம்.

எப்படி விழுகிறார்கள் என்பது தெரிந்தால் உட்காரும் முறை தானாகச் சரியாகிவிடும். ஓட்டுகிறவர் இடப்பக்கம் இருக்கிறார், கையில் ஸ்டீயரிங் இருக்கிறது. இடது திருப்பம் திரும்பும்போது உடல் வலப்பக்கம் தள்ளப்படுகிறது. வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குப் பிடிமானம் இடுப்புயரத்தில் ஒரு சின்னக் கம்பி மட்டும். அது பெரியவரின் இடுப்பைத் தாங்கும். சின்னக் குழந்தை அதற்கு மேலாகவோ முன்னாலோ நழுவிவிடும். ஓட்டுபவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

பின்நோக்கிய சீட் இன்னும் மோசம். வண்டி திடீரென்று வேகமெடுத்தால், அதில் இருப்பவர் முகம் பார்க்கும் திசையிலேயே வெளியே சரிவார். பிரேக் போட்டால் சாய்மானத்தில் அழுந்துவார், அது பரவாயில்லை. ஆகவே பின்சீட்டில் ஆள் இருக்கும்போது கிளம்புவதை மெதுவாகச் செய்யுங்கள்.

நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது. சின்னக் குழந்தை முன்னோக்கிய சீட்டில், பெரியவருக்கும் பெரியவருக்கும் நடுவில், பெல்ட்டோடு. பெல்ட் இல்லாத வண்டிக்குப் பெல்ட் போட்டுக்கொள்ளலாம், பெரிய செலவில்லை. மடியில் குழந்தை வேண்டாம். கை, கால் வெளியே தொங்கக் கூடாது. சீட் எத்தனையோ அத்தனை பேர்தான். பிறந்தநாள் விருந்து முடிந்து வரும்போது "பக்கத்துலதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று பின்னால் இரண்டு பிள்ளைகளை நிற்கவைத்துக் கூட்டிவந்த அப்பாவைப் பார்த்திருக்கிறேன். அவர் அன்று தப்பித்தார், அவ்வளவுதான்.

5. வலப்பக்கம், வேகம், அகலம்

இங்கே எல்லாரும் வலப்பக்கம். காரில் இதை யாரும் மறப்பதில்லை, சாலை முழுக்கக் கோடு போட்டிருக்கிறது. கோடில்லாத, ஆளில்லாத பாதையில் மனம் அசந்தால் நம் கை ஊர்ப்பழக்கப்படி இடப்பக்கம் போகும். எதிரே திடீரென்று வண்டி வரும்போதும் அப்படித்தான், பதற்றத்தில் இடப்பக்கம் ஒடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் ஒரு வாரம் "வலது, வலது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அகலக் கணக்கையும் பாருங்கள். கார்ட்டின் அகலம் சுமார் 4 அடி. பாதை பெரும்பாலும் 8 முதல் 10 அடி. பத்தடிப் பாதையில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் மிஞ்சுவது 2 அடி. அதைத்தான் இரண்டு விளிம்புக்கும் நடுவுக்குமாகப் பங்கிட வேண்டும். எட்டடிப் பாதையில் மிஞ்சுவதே இல்லை, ஒருவர் புல்லில் இறங்கியாக வேண்டும்.

20 மைல் என்பது உச்சவரம்பு. ஆளில்லாத நேர்ப்பாதைக்கு அது சரி. நடப்பவர் கண்ணில் பட்டதும் 10-க்கு இறங்குங்கள். பிள்ளைகள், நாய்கள், வாத்துக் கூட்டம் என்றால் நடைவேகம்தான். ஏரியோரத்துக் கனடா வாத்துகளுக்கு வழிவிடும் வழக்கமே கிடையாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

6. பின்னாலிருந்து கடப்பது

பாதையில் நடக்கும் மனக்கசப்பில் பெரும்பகுதி இந்த ஒரு செயலில் வருகிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

நீங்கள் 20 மைலில் வந்தால் விநாடிக்கு 29 அடி போகிறீர்கள். நடப்பவர் நாலைந்து அடி. அறுபதடி பின்னாலிருந்து ஹாரன் அடித்தால் அவருக்கு இருப்பது இரண்டரை விநாடிகூட முழுதாக இல்லை. அதற்குள் சத்தத்தைக் கேட்டு, என்ன சத்தம் என்று புரிந்து, குழந்தையின் கையைப் பிடித்து, நாயின் கயிற்றை இழுத்து ஒதுங்க வேண்டும். முடியாது. ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்:

முதலில் வேகத்தைக் குறையுங்கள். ஆளைப் பார்த்ததும், சத்தம் எழுப்பும் முன்பே. புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: ஹாரன் அடித்துவிட்டு, ஒதுங்குகிறாரா என்று பார்த்து, கடைசியில் பிரேக். அதைக் கேட்பவருக்கு 'வழி விடு' என்று விரட்டுவதாகத்தான் தோன்றும்.

அடுத்து எதிர்ப்பக்கம் பாருங்கள். எதிரே யாராவது வந்தால் கடக்க வேண்டாம். பின்னாலேயே நடைவேகத்தில் போங்கள். அரை நிமிஷம் போகும், அவ்வளவுதான். வளைவிலும் மேட்டின் உச்சிக்கு முன்னும் எதிரே தெரியாது, அங்கேயும் இதேதான்.

வேகம் குறைந்த பிறகு குரல் கொடுங்கள். ஹாரனைவிடக் குரல் நல்லது. "ஹலோ, கார்ட் ஆன் யுவர் லெஃப்ட்" என்று சிரித்த குரலில் சொன்னால் போதும். சைக்கிள் மணி ஒன்றை ஸ்டீயரிங் பக்கத்தில் மாட்டிவைத்திருக்கும் சிலரைப் பார்த்திருக்கிறேன், நல்ல யோசனை. கார்ட் ஹாரன் ரொம்ப முரட்டுச் சத்தம். வளைவில் எச்சரிக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பதிலுக்குக் காத்திருங்கள். தலை திரும்பினாலோ கை அசைந்தாலோ கேட்டுவிட்டார் என்று அர்த்தம். ஒன்றுமே இல்லையென்றால் காதில் இயர்ஃபோன் இருக்கும், அல்லது காது மந்தமாக இருக்கும். இன்னொருமுறை சத்தமாகச் சொல்லுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால், அவர் எந்த நொடியும் இடப்பக்கம் விலகுவார் என்று எண்ணிக்கொண்டு ஊர்ந்து போங்கள்.

இப்போது இடப்பக்கமாக, குறைந்தது மூன்றடி விட்டு, கடந்து செல்லுங்கள். கூட்டமாக நடந்தால் பாதிப்பேர் ஒரு பக்கமும் பாதிப்பேர் மறுபக்கமும் ஒதுங்குவார்கள். நடுவில் போகாதீர்கள், தாயும் பிள்ளையும் இரண்டு பக்கமாகப் பிரிந்திருந்தால் பிள்ளை தாயிடம்தான் ஓடும். நின்று, எல்லோரும் ஒரு பக்கம் சேர்ந்ததும் போங்கள்.

கடந்ததும் உடனே வலப்பக்கம் வெட்டாதீர்கள். உங்கள் பின்சக்கரம் அவர் கால்பக்கம் வரும். நாலு வண்டி நீளம் போய்ப் பிறகு ஒதுங்குங்கள். ஒதுங்கியவருக்கு ஒரு கையசைப்பு. பின்னால் இன்னொரு கார்ட் வந்தால், "ஒன் மோர் பிஹைண்ட் மீ" என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு வண்டி போனதும் ஆசுவாசமாக நடுப்பாதைக்கு வருகிறவர்கள்தான் இரண்டாவது வண்டியில் மாட்டுகிறார்கள்.

குதிரையில் யாராவது வந்தால் கடக்கும் பேச்சே வேண்டாம். நிறுத்துங்கள், அவர் கை காட்டும்வரை.

7. பாலமும் சுரங்கமும்

பெரிய சாலைகளைப் பாதை பாலத்தின் மேலோ சுரங்கத்தின் வழியோ கடக்கும். உள்ளே முதலில் நுழைந்தவருக்கே வழி. நடப்பவர் உள்ளே இருந்தால் அவர் வெளியே வரும்வரை வாசலில் நில்லுங்கள். உள்ளே ஒதுங்க அவருக்குப் புல்லும் கிடையாது.

சுரங்கத்துக்கு முன் பகலிலும் ஹெட்லைட்டைப் போடுங்கள். வெயிலிலிருந்து இருட்டுக்குள் நுழையும்போது உங்கள் கண் பழகச் சில விநாடி ஆகும், அந்த நேரத்தில் எதிரே வருபவராவது உங்களைப் பார்க்கட்டும். சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் பெரும்பாலும் ஒரு வளைவு இருக்கும். வெளிச்சம் தெரிந்த சந்தோஷத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டாம்.

8. பாதை சாலையைக் கடக்கும் இடம்

உயிருக்கு ஆபத்து என்றால் அது இங்கேதான். முழுதாக நிறுத்துங்கள். உருட்டிக்கொண்டே எட்டிப் பார்ப்பது போதாது. பெரிய பின்சீட்டு வண்டி என்றால் பின்பக்கம் பாதையை மறிக்கிறதா என்றும் பாருங்கள்.

கார்காரர் உங்களைப் பார்த்தார் என்று நம்பாதீர்கள். குறிப்பாக, வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் கார். அவர் இடப்பக்கமிருந்து வரும் போக்குவரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் அவருக்கு வலப்பக்கமிருந்து பாதையில் வருகிறீர்கள். இடைவெளி கிடைத்ததும் திரும்பிப் பார்க்காமலேயே நகர்வார். அவர் கண் உங்கள் கண்ணைச் சந்தித்தால் மட்டும் போங்கள்.

முன்னால் போன கார்ட்டை ஒட்டிக்கொண்டு கடப்பதும் வழக்கமான தவறு. கார்காரர் ஒரு வண்டிக்குத்தான் நின்றார். இரண்டாவது ஆள் மறுபடி நின்று, மறுபடி பார்க்க வேண்டும்.

9. இருட்டும் ஈரமும்

சூரியன் மறைந்தால் விளக்கு. ஃப்ளோரிடா சட்டம் இரவுக்கு ஹெட்லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர், முன்கண்ணாடி நான்கையும் கேட்கிறது. உங்கள் ஊர் கேட்காவிட்டாலும் முதல் இரண்டு இல்லாமல் போகாதீர்கள். கூடுதல் எல்.இ.டி. பட்டையை முன்பக்கம் மாட்டி, எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்க வேண்டாம். நடப்பவர் எதிரே வந்தால் நீங்களே நிறுத்தி அவரைப் போகவிடுங்கள்.

இலையுதிர் காலத்தில் நனைந்த இலையும் பைன் ஊசியும் சேர்ந்து பாதையைச் சோப்பு போட்டது போல ஆக்கிவிடும். பின்சக்கர பிரேக் கதையை இங்கே மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். இடி மின்னல் என்றால் வண்டிக் கூரை காப்பாற்றாது, பக்கத்துக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

10. நடப்பவர்களுக்கும் கொஞ்சம்

பொறுப்பில் பெரும்பங்கு வண்டிக்காரருடையதுதான். ஆனாலும் மாலை நடையில் நாம் செய்வதில் சில, யாருக்கும் வழிவிடாது. நாலு பேர் கைகோத்துப் பாதை முழுக்கப் பேசிக்கொண்டு போவது ஒன்று. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கும் கோடைமாதங்களில் நம் குடும்பங்களில் இது அதிகம். இருவர் இருவராக, வலப்பக்கம். நின்று பேசுவதானால் பாதையை விட்டுப் புல்லுக்கு.

நாயை நீளும் கயிற்றில் விட்டால், நீங்கள் ஒரு விளிம்பிலும் நாய் மறு விளிம்பிலும் இருக்க, நடுவில் கண்ணுக்குத் தெரியாத கயிறு. சைக்கிள்காரருக்கு அது கழுத்துக்கண்ணி மாதிரி. வண்டி வருவது தெரிந்தால் கயிற்றைச் சுருட்டி, நாயைப் புல்பக்கம் நிறுத்துங்கள். இயர்ஃபோன் ஒரு காதில் மட்டும். கார்ட்டைவிட வேகமாகப் போகும் மின்சைக்கிளுக்கும் 6-ஆம் பகுதியில் சொன்ன அத்தனையும் உண்டு. சைக்கிள் என்பதால் விலக்கு இல்லை.

11. பிள்ளையிடம் சாவி கொடுக்கும் முன்

இந்த ஊரில் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்கே கார்ட் ஓட்டிப் போகிறார்கள். மெக்கின்டாஷ் உயர்நிலைப் பள்ளியின் கார்ட் நிறுத்துமிடத்தைப் பார்த்தாலே தெரியும். அதனால் வயது வந்த மறுநாளே பிள்ளை சாவியைக் கேட்கும்.

வயது சட்டத்துக்கு. பழக்கத்துக்கு நான் வேறு அளவு வைத்தேன். மகள் முதலில் ஒரு மாதம் நடந்து பள்ளிக்குப் போனாள், பிறகு சைக்கிள், அதன்பிறகு நான் பக்கத்தில் இருக்க கார்ட். பக்கத்தில் இருக்கும்போது நான் வாய் திறக்கவில்லை. வழியில் பத்து பேரைக் கடந்தால் பத்து முறையும் முதலில் வேகம் குறைந்ததா என்று மட்டும் எண்ணினேன். முதல் நாள் நாலு. ஏழெட்டு நாளில் பத்து வந்தது. அதுவும் தோழிகள் இல்லாதபோது. தோழிகள் ஏறினால் எண்ணிக்கை மறுபடி இறங்கும், ஆகவே அதற்கும் தனியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வரி. குடித்துவிட்டு கார்ட் ஓட்டினாலும் ஜார்ஜியாவிலும் ஃப்ளோரிடாவிலும் காருக்கு உள்ள அதே வழக்குதான். "பாதைதானே, ரோடு இல்லையே" என்பது எடுபடாது. விசாவில் இருப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும்: குடிபோதை வழக்கில் கைதானாலே, தீர்ப்புக்கு முன்பே விசாவை ரத்து செய்ய அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு வழியிருக்கிறது.

12. உரசல் வந்தால்

எவ்வளவு கவனித்தாலும் ஒருநாள் வரும். எனக்கு வந்தது இரண்டாம் வருஷம். குறுகிய இடத்தில் ஒரு தாத்தாவைக் கடக்கும்போது கூரைக் கம்பியில் தொங்கவிட்டிருந்த கடைப்பை அவர் தோளில் உரசியது. காயமில்லை. ஆனால் அவர் தடுமாறி வேலியைப் பிடித்துக்கொண்டார். நான் "சாரி" என்று கத்திவிட்டு இருபதடி போய்விட்டேன், பிறகுதான் நிறுத்தினேன். அந்த இருபதடிதான் அவருக்குக் கோபம்.

தொட்டால், தொட்டதோ என்று சந்தேகம் வந்தால்கூட, அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். வண்டியை அணைத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, சாவியோடு இறங்குங்கள். முதலில் ஆளைப் பாருங்கள். வண்டிக் கீறலை அப்புறம் பார்க்கலாம். பெரியவர்கள் "ஒன்றுமில்லை, நீ போ" என்பார்கள். தலை பட்டிருந்தால் அந்தச் சொல்லை ஏற்காமல் அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள். பாதைக்குத் தெருப்பெயர் இருக்காது. பக்கத்திலுள்ள சுரங்கம், பாலம், குறுக்கே போகும் சாலை இவற்றில் ஒன்றைச் சொன்னால்தான் வந்து சேர முடியும். அதற்கும் முன்பே நடந்து பார்த்தது உதவும். பெயர், தொலைபேசி, வண்டி எண் பரிமாறிக்கொண்டு, இடத்தைப் படமெடுத்து, அன்றைக்கே காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள்.

பையைக் கூரைக் கம்பியில் தொங்கவிடும் பழக்கத்தை நான் அன்றோடு விட்டேன். இப்போது அது பின்சீட்டுக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் கூடையில்.